எஞ்சின் வேண்டாம் என்று சொல்லி வாங்கிய கார்

என் தங்கை நெட்ரா முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். பனியிலும் சேற்றிலும் ஓட்டினாள். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இன்றைக்கு எங்கள் தெருவில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால், எஞ்சின் இல்லாத காரைத் தேடிப் பிடித்து வாங்கினவள் என்றுதான் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களில் பாதிப்பேர் அவள் பஸ்ஸில் மூக்கு ஒழுகிக்கொண்டு போனவர்கள்.

நாங்கள் கென்டக்கி மலைப்பக்கத்துக்காரர்கள். எங்கள் ஆண்களுக்கு வடக்கே மிச்சிகனில் கார் ஆலையில் வேலை கிடைத்தது, பின்னாலேயே வந்தோம். நெட்ராவின் வீட்டுக்காரர் ஆர்லிஸுக்கும் அதே ஆலைதான். அந்தக் காலத்தில் அங்கே கோர்வேர் என்று ஒரு சின்னக் கார் செய்தார்கள். எல்லாக் காருக்கும் எஞ்சின் முன்னால் இருந்தால் இதற்குப் பின்னால் இருக்கும். முன்மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கிற டிக்கி. ஆர்லிஸ் கார்கள் வரிசையாக நகரும் லைனில் நின்று, தலைக்கு மேலே வரும் காருக்குக் கீழேயிருந்து எஞ்சினை ஏற்றிப் பூட்டுகிற வேலை பார்த்தார். தனக்கென்றும் ஒன்று வாங்கினார். வெளிர் பச்சை. அதில்தான் வேலைக்குப் போனார். அவர்கள் மகள் டார்லாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதில்தான். பிறகு விற்றுவிட்டார். அந்த மாடலே நின்று போயிற்று. அதே ஆலையில் வேறு கார்களுக்கு உழைத்து ஓய்வு பெற்றார். அப்புறம் ஆலையையும் மூடிவிட்டார்கள்.

ஆர்லிஸுக்கு மறதி வந்தது மெதுவாகத்தான். முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர், பிறகு பல் விளக்கினோமா இல்லையா, பிறகு இது எந்த வருஷம் என்பது. எல்லாம் போன பிறகும் அந்தப் பச்சைக் கார் மட்டும் போகவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் தொப்பியை எடுத்து மாட்டுவார். தகர டப்பாவில் ரொட்டியை வைப்பார். பிளாஸ்கில் காப்பி ஊற்றிக்கொள்வார்.

"நெட்ரா, காரை எங்க வெச்ச? ரெண்டாவது ஷிப்ட்டுக்கு நேரமாச்சு."

வாசலில் நெட்ராவின் கார் நின்றுகொண்டுதான் இருக்கும். அதை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அது யாரோ விருந்தாளியின் வண்டி. தன் காரைக் காணோம் என்றதும் நடக்கத் தொடங்குவார், ஆலை இருந்த திசையில். அந்த ரோட்டில் சரக்கு லாரிகள் போகிற போக்கைப் பார்த்தால் நாய்கூடக் கடக்க யோசிக்கும்.

நெட்ராவுக்கு இடது முழங்கால் போய்விட்டது. பழைய பஸ்களின் கிளட்சை மிதித்து மிதித்து வந்த வினை. அவளால் ஓடிப் பிடிக்க முடியாது. அதனால் காரை எடுத்துக்கொண்டு ஓரமாக அவர் கூடவே ஊர்ந்து போவாள், கண்ணாடியை இறக்கிவிட்டு.

"ஏறு ஆர்லிஸ்."

"வேணாம்மா. முன்னப் பின்ன தெரியாத பொம்பளை வண்டியில நான் ஏற மாட்டேன். எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

"யாரோட?"

"நெட்ரான்னு ஒருத்தி. அவ கண்ணுல பட்டா ரெண்டு பேருக்கும் ஆகாது."

இதை அவள் என்னிடம் சொன்னபோது சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே மேஜையில் தலையை வைத்துவிட்டாள். அழவில்லை. தூங்கிப் போனாள். அப்போதெல்லாம் அவள் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவாள்.

பூட்டுப் போட்டுப் பார்த்தாள். ஆர்லிஸ் பூட்டைத் தொடவே இல்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கீலின் ஆணிகளைத் தட்டி எடுத்து, கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். தலை மறந்தாலும் கை மறக்கவில்லை, என்ன செய்வது. கதவில் மணி கட்டினாள். மணி அடிக்கும், அவள் எழுந்து வருவதற்குள் அவர் தெருமுனை தாண்டியிருப்பார்.

அக்டோபரில் ஒருநாள் மழையில் போனவரைக் காணவில்லை. ரோட்டோரத்துப் பள்ளத்தில், மழைத்தண்ணீர் ஓடுகிற குழாய் வாயில் உட்கார்ந்திருந்தார், மடியில் டப்பாவோடு. ஷெரீப் ஆபீஸ் போலீஸ்காரன் போர்வை சுற்றிக் கூட்டி வந்தான். அவனும் நெட்ராவின் பஸ்ஸில் போன பையன்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது பனிக்காலமா இருந்திருந்தா நான் வேற மாதிரி வந்து நின்னிருப்பேங்க" என்றான்.

டார்லாவுக்குச் செய்தி போயிற்று. அவள் தூரத்தில், அரிசோனாவில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்க்கிற வேலை. நல்ல பெண்தான், ஆனால் எதையும் முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள்.

"அம்மா, தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வர்றேன். அதுக்குள்ள அப்பா இன்னொரு தடவ ரோட்டுக்குப் போனாரு, முதியோர் ஹோம்ல சேத்துட்டுத்தான் நான் திரும்பிப் போவேன். உன் கால் இருக்கற இருப்புக்கு நீயும் விழுந்து வெப்ப."

நெட்ரா அந்த ஹோமைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். திரும்பி வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல், பக்கத்து வீடான என் வீட்டு அடுப்படியில் நின்றாள்.

"சுத்தமாத்தான் இருக்குக்கா. எல்லாரையும் நாற்காலியில உக்கார வெச்சு மடியில பெல்ட் போட்டிருக்காங்க. விழுந்துடக் கூடாதாம். ஒரு ஆளு அந்த பெல்ட்டைக் கழட்டிக்கிட்டே இருந்தாரு. நர்ஸ் மாட்டிக்கிட்டே இருந்தா. ஆர்லிஸ் நாற்காலியவே பிரிச்சு வெச்சுருவாரு. அப்பறம் கையக் கட்டுவாங்க."

"நீ என்ன பண்ணப் போற?"

"முப்பது வருஷம் ஊராம்புள்ளைங்களை எல்லாம் பத்திரமா வீட்ல கொண்டுபோய் விட்டேன். இப்ப ஒரே ஒரு ஆளை வீட்டுக்குள்ள வெக்க முடியல." கோட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள். "அவரு தேடறதை வாங்கிக் குடுத்துட்டா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "பைத்தியமா உனக்கு? நடந்து போறவரைக் கார்ல ஏத்தி அனுப்பப் போறியா? யார் தலையில கொண்டுபோய் ஏத்துவாரோ."

"எஞ்சின் இல்லாம வாங்குவேன்" என்றாள்.

நான் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. காசைக் கரியாக்காதே என்றேன், கர்த்தர் விட்ட வழி என்று இரு என்றேன். நான் பிடித்த பிடியை விடுகிறவள் இல்லை. ஆனால் அவளும் எனக்குத் தங்கைதான்.

பத்திரிகையில் விளம்பரம் பார்த்து ஓர் இடம் கண்டுபிடித்தாள். எனக்கு எழுத்து தெரியாது, அவள்தான் வாசித்தாள். தெற்கே சோளக்காடுகளுக்கு நடுவில், கெரிட் போஸ்ட்மா என்று ஒரு டச்சுக்காரர். பால்பண்ணை வைத்திருந்த குடும்பம். இப்போது மாட்டுக்கொட்டகை முழுக்க கோர்வேர். ஆர்லிஸை ஒரு பகல் சர்ச்சுக்காரர்களிடம் விட்டுவிட்டு, நானும் அவள் கூடப் போனேன், தடுக்கலாமென்று.

கெரிட் நெட்டையான மனிதர், சட்டைப்பையில் துணி தொங்கும்.

"எந்த வருஷத்து மாடல் பாக்கறீங்க?"

"பச்சை" என்றாள் நெட்ரா.

"பச்சைங்கறது வருஷம் இல்லம்மா."

"தெரியும். எனக்கு வேண்டியது பச்சை."

வெளிர் பச்சையில் ஒன்று இருந்தது, கொட்டகையின் கோடியில். நாலு கதவு. நெட்ரா கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த காந்தத்தை எடுத்தாள். அடுப்படியில் பிரிட்ஜ் மேல் ஒட்டி வைக்கிற காந்தம், ஸ்ட்ராபெர்ரி பழம் மாதிரி. எங்கள் பக்கம் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு போடுவார்கள், அது காரின் அடித்தகட்டைத் தின்றுவிடும். விற்கிறவர்கள் ஓட்டையில் பசையை அப்பி மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள். பசையில் காந்தம் ஒட்டாது. நெட்ரா வலியெடுத்த காலை மடக்க முடியாமல் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சக்கரத்துக்கு மேலே, கதவுக்குக் கீழே என்று அங்குலம் அங்குலமாகக் காந்தத்தை நகர்த்தினாள்.

"அதெல்லாம் வேண்டியதில்ல. என் வார்த்தைய நம்பலாம்" என்றார் கெரிட்.

"உங்க வார்த்தையில காந்தம் ஒட்டுமா?"

அவர் சிரித்துவிட்டார். "அலுங்காம வெச்சிருக்கேன். எஞ்சின் போட்டுக் காட்டட்டுமா? கேட்டா விட மாட்டீங்க."

"எஞ்சின் வேணாம்."

"கேக்க வேணாமா?"

"எஞ்சினே வேணாம். அதைக் கழட்டி நீங்களே வெச்சுக்குங்க. காரை மட்டும் குடுங்க."

மனிதர் முகம் மாறியது. பையிலிருந்த துணியை எடுத்துத் துடைக்க ஒன்றும் இல்லாமல் கையைத் துடைத்தார்.

"எஞ்சின் போன வண்டிய வாங்கி வெச்சு எஞ்சின் தேடறவங்களைப் பாத்திருக்கேன். ஓடற வண்டியில எஞ்சினைக் கழட்டச் சொல்ற ஆளை இப்பதான் பாக்கறேன். என்ன பண்ணப் போறீங்க, கோழிக்கூடா?"

"ஆமா, சேவல் ஒண்ணு இருக்கு" என்றேன் நான், வாய் சும்மா இருக்காமல்.

"விக்கறதா இல்ல. மன்னிச்சுக்குங்க."

அவர் கொட்டகைக் கதவை இழுக்கப் போனார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். நெட்ரா கிளம்பவில்லை. அங்கே கவிழ்த்து வைத்திருந்த பழைய பால் வாளியின் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால் இனி எழுந்திருக்கவே மாட்டாள் போல் இருந்தது. கதையெல்லாம் சொல்லவில்லை, ரத்தினச் சுருக்கமாகச் சொன்னாள். மதியச் சாப்பாடு, தகர டப்பா, ரோடு, பள்ளம், மகள், பெல்ட். கெஞ்சவும் இல்லை. பஸ் எங்கெங்கே நிற்கும் என்று புது டிரைவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

கெரிட் கதவை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"எங்கப்பா மாடு கறக்கப் போவாரு" என்றார் பிறகு. "எல்லாத்தையும் வித்து வருஷக்கணக்காச்சு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து வாளியத் தூக்கிட்டு வந்துருவாரு. மாடு இல்ல, வித்தாச்சு, வித்தாச்சுன்னு நாங்க சொல்லிக்கிட்டே இருந்தோம். தெனமும் அன்னிக்குத்தான் வித்த மாதிரி அழுவாரு." அவர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு மாட்டை வாங்கிக் கட்டியிருக்கலாம். எங்க ஒருத்தருக்கும் தோணல."

காருக்கு அவர் சொன்ன விலை அவ்வளவு குறைவு, அதற்குமேல் நான்கூடத் தடுக்கவில்லை. "எஞ்சின் இங்கயே இருக்கட்டும். பின்னாடி, அவரு காலத்துக்கு அப்பறம்" என்று ஆரம்பித்தார்.

"அப்பறத்தைப் பத்திப் பேச எனக்கு இன்னிக்குத் தெம்பு இல்லீங்க" என்றாள் நெட்ரா.

மறுவாரம் காலையில் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். இறக்கியதும்தான் தெரிந்தது. எஞ்சினின் கனம் போனதால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, மூக்கு தரையை மோப்பம் பிடிக்கிற மாதிரி நின்றது. ஆர்லிஸ் இதை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். லைனில் ஒரு திருகு சாய்ந்திருந்தாலும் சொல்கிறவர்.

நெட்ரா தன் வீட்டுக் கொட்டகையிலிருந்து மணல் மூட்டைகளை இழுத்து வந்தாள். பனிக்காலம் வந்தால் எங்கள் ஊரில் எல்லாரும் காரின் டிக்கியில் மணல் மூட்டை போடுவோம். பின்சக்கரம் பனியில் வழுக்காமல் கவ்வும், மாட்டிக்கொண்டால் எடுத்துத் தூவவும் ஆகும். எஞ்சின் இருந்த இடத்தில் கீழே வெறும் தரைதான் தெரிந்தது. கெரிட் குறுக்கே பலகைகள் போட்டுக் கொடுத்தார். மூட்டைகளை அடுக்க அடுக்கப் பின்பக்கம் இறங்கி, கார் நேராக நின்றது. மூடியைச் சாத்தினார்கள். பார்த்தால் நேற்றுதான் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு மதியம் நானும் நெட்ராவும் அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்றோம். ஆர்லிஸ் டப்பாவோடு படியிறங்கினார். காரைப் பார்த்தார். ஆச்சரியப்படுவார், தடவிப் பார்ப்பார் என்று நான் நினைத்தேன். ஒன்றும் இல்லை. தினமும் நிற்கிற இடத்தில் நிற்கிற வண்டியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். டயரை ஓர் உதை உதைத்தார். உள்ளே ஏறி டப்பாவைப் பக்கத்து சீட்டில் வைத்தார். சாவியைத் திருகினார். சத்தமில்லை. மறுபடி திருகினார். பிறகு இறங்கிப் பின்னால் போனார்.

"மூடியத் திறக்கப் போறாரு" என்றாள் நெட்ரா. என் கையைப் பிடித்தாள். சாவியைத் திருகிப் பார்த்துவிட்டு அலுத்துப் போய் உள்ளே வந்துவிடுவார் என்றுதான் நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். வாழ்க்கை முழுக்க எஞ்சினைப் பூட்டின மனிதர் மூடியைத் திறக்காமல் விடுவாரா என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

திறந்தார். மணல் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"நெட்ரா" என்று கூப்பிட்டார். அவள் காலை இழுத்துக்கொண்டு போனாள், பின்னாலேயே நானும்.

"எந்த முட்டாப்பய இதை டிக்கின்னு நெனச்சு மணல் மூட்டைய வெச்சான்?"

நெட்ரா என்னைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு பனிக்கும் இதே கூத்துதான்" என்றார் ஆர்லிஸ், என்னைப் பார்த்து. "கோர்வேர்ல டிக்கி முன்னாடிடா முன்னாடிடான்னு தலபாடா அடிச்சுக்கறேன். எஞ்சின் மேலயே மூட்டையக் கொண்டாந்து போடறானுங்க. உங்க தம்பி வந்திருந்தானா மர்ட்டில் அண்ணி?"

எங்கள் தம்பி செத்து ரொம்ப நாளாயிற்று. ஆனால் அவன் உயிரோடு இருந்தபோது உண்மையிலேயே அந்த மாதிரி செய்தான், அந்தக் காரின் முதல் பனியில். "அவனாத்தான் இருக்கும்" என்றேன்.

"அது கிடக்கட்டும். எஞ்சின் எங்க?"

நெட்ரா முந்திக்கொண்டாள். "இறக்கிக் கொண்டு போயிருக்காங்க. பழுது பாத்துட்டுத் தருவாங்க."

அவர் யோசித்தார். அந்த நெற்றி சுருங்குவதை நான் மறக்க மாட்டேன். இப்போது நடக்க ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். எஞ்சினைத் தேடியாவது போவார்.

"அப்ப இன்னிக்கு வேலைக்குப் போக முடியாது."

"முடியாது."

"ஃபோர்மேனுக்குச் சொல்லணும். சொல்லாம நின்னா நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான்."

எங்கள் ஆண்கள் அப்படித்தான். வண்டி பழுதானால் போன் பண்ணிச் சொல்லிவிட்டு வீட்டில் இருப்பார்கள். சொல்லாமல் நின்றால்தான் வேலை போகும். இத்தனை நாள் அவர் நடந்தது காருக்காக இல்லை, சொல்லாமல் நின்றுவிடக் கூடாதே என்பதற்காக. இது எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சுவரில் மாட்டியிருந்த போனில் நெட்ரா எண்ணை அழுத்தி அவரிடம் கொடுத்தாள். நேரமும் குளிரும் சொல்கிற எண். அதில் ஒரு பதிவுக்குரல் மட்டும் பேசும். ஆர்லிஸ் தன் பாட்டுக்குச் சொல்லி முடித்துப் போனை வைத்தார், ஆனால் முகம் தெளியவில்லை.

"மணியச் சொல்றான். நான் என்ன சொன்னாலும் மணியவே சொல்றான். கோவமா இருக்கான் போல. நேர்ல போயிர்றதுதான் நல்லது." தொப்பியை மாட்டினார். அன்றைக்கும் நெட்ரா காரில் அவர் கூடவே ஊர்ந்து போகவேண்டி வந்தது.

சாயங்காலம் அவள் என்னிடம் கேட்டாள். "நாளைக்கு உன் வீட்டு நம்பரைப் போடறேன். நீ எடுத்துப் பேசுக்கா. ஃபோர்மேன் மாதிரி."

"மாட்டேன்" என்றேன். "இந்த வயசுல ஆம்பளக் குரல்ல பொய் சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல போய்ப் பாடச் சொல்றியா?"

"உன் குரல் ஏற்கெனவே ஆம்பளக் குரல்தான்."

"மாட்டேன்னா மாட்டேன்."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்பில் மொச்சை கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே கண்ணை மூடினாள், கரண்டி நழுவி விழுந்த சத்தத்தில்தான் விழித்தாள். நான் கரண்டியை எடுத்துக் கழுவினேன். பொய் பொய்தான் என்று இப்போதும் சொல்கிறேன். ஆனால் மறுநாள் மதியம் போன் அடித்தபோது எடுத்தேன்.

"ஆர்லிஸ் பேசறேன். எஞ்சின் இறக்கியிருக்கு. இன்னிக்கு வர முடியாது."

"சரி" என்றேன், குரலைத் தொண்டைக்குள் இறக்கி. "நாளைக்குப் பாப்போம்."

"உங்களுக்கு ஜலதோஷமா?"

"ஆமா."

"சுடுதண்ணியில தேன் போட்டுக் குடிங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாயிற்று. மூடியைத் திறப்பார், தம்பியைத் திட்டுவார், உள்ளே வந்து போன் பண்ணுவார். பிறகு ரோட்டையே மறந்து, காருக்குள் உட்கார்ந்து ரொட்டியைச் சாப்பிடுவார், நெட்ராவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். அவள் அங்கேயே தூங்குவாள். நானும் மதியத்தில் எங்கேயும் போகாமல் போனுக்குக் காவல் இருந்தேன். எனக்கும் களைப்புத்தான், யார் கேட்டார்கள்.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை, எல்லா வீட்டிலும் வான்கோழி விருந்து. அதற்கு முந்தின நாள் டார்லா வந்தாள். காரைப் பார்த்தாள், அதில் எஞ்சின் இல்லை என்று நாங்கள் சொன்னதைக் கேட்டாள், நேரே குளிக்கப் போனாள். காலையில் ஆரம்பித்தாள்.

"ஓடாத காரை வாங்கி வாசல்ல நிறுத்தி, ஒரு மனுஷனைத் தெனமும் ஏமாத்தறீங்க. பெரியம்மா, நீங்களுமா?"

"எனக்கும் பிடிக்கல" என்றேன். "வான்கோழியப் பாரு, கருகுது."

"ஹோம்ல இடம் இருக்கு. நாளைக்கே பேசி முடிச்சுட்டு வந்துடலாம்மா."

நெட்ரா உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தாள். "அவரு ரோட்டுக்குப் போனா கூட்டிட்டுப் போ. நீ சொன்னது அதுதானே."

சாப்பிட்டு முடித்தோம். ஆர்லிஸ் எழுந்தார், தொப்பி, டப்பா, பிளாஸ்க். டார்லா ஜன்னலில் நின்று பார்த்தாள். மூடி திறந்தது, மூடியது. தம்பிக்கு வசவு விழுந்தது. உள்ளே வந்து போனை நெட்ராவிடம் நீட்டினார். நெட்ரா வழக்கம்போல் எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டுத் தட்டுகளைத் தூக்கப் போனாள்.

போனுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுக்க வேண்டியவள் நான், நானோ இங்கே இவர்கள் அடுப்படியில் ஈரக் கையோடு நிற்கிறேன். காலையிலிருந்து மூன்று பேர் சேர்ந்து விருந்து சமைத்தோம், ஒருத்திக்கும் இது தோன்றவில்லை.

நெட்ராவும் அதே நேரத்தில் புரிந்துகொண்டாள். தட்டுகளைக் கீழே வைத்தாள். என் வீட்டுக்குக் குறுக்கே புல்வெளியைக் கடக்க வேண்டும், வெளியே பனி கொட்டியிருந்தது. அவள் முழங்காலுக்கு ஆகாது. எனக்கு அதைவிட ஆகாது.

"எடுக்க மாட்டேங்கறான்" என்றார் ஆர்லிஸ். ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே கோட்டுக்குக் கை நீட்டினார். "நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்."

"இன்னும் கொஞ்சம் பாரு ஆர்லிஸ்" என்றாள் நெட்ரா. அவள் மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. டார்லா வெறும் காலுறையோடு பனியில் ஓடிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை வழுக்கி விழுந்தாள், கையை ஊன்றி எழுந்து மறுபடி ஓடினாள். என் வீட்டுக் கதவை நான் பூட்டுவதில்லை, அந்த மட்டில் நல்லதாயிற்று.

ஆர்லிஸ் ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்துவிட்டார். மணி இன்னும் அடித்தது. பிறகு நின்றது.

"ஹலோ? ஆர்லிஸ் பேசறேன். எஞ்சின் இறக்கியிருக்கு." நிமிர்ந்து நின்று கேட்டார். சுவர்ப்பக்கம் திரும்பி எங்களுக்குக் கேட்காமல் ஏதோ பேசினார். "அப்பிடியா. சரிங்க. உங்களுக்கும்." வைத்தார். எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இவ்வளவு மந்தமான பெண்களை அவர் பார்த்ததே இல்லை என்று இருந்தது.

"யாரோ ஒரு பொண்ணு பேசிச்சு. மூச்சு வாங்கிக்கிட்டே பேசிச்சு, பாவம், அதையும் இன்னிக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்கானுங்க. தேங்க்ஸ்கிவிங்காம், ஆலை லீவாம். இத்தன பெரிய வான்கோழிய வெச்சுக்கிட்டு ஒருத்திக்காவது சொல்லணும்னு தோணலையா?"

கோட்டைக் கழற்றி மாட்டினார். பூசணி இனிப்பில் இன்னொரு துண்டு கேட்டார்.

டார்லா மெதுவாகத் திரும்பி வந்தாள். காலுறை நனைந்து பாதம் சிவந்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் துண்டைக் கொடுத்தேன். அவள் காலைத் துடைக்கவில்லை, துண்டை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னைப் பேர் கேட்டாரு பெரியம்மா. டார்லான்னு சொன்னேன். எம்பொண்ணு பேரும் அதுதான்னு சொன்னாரு."

"ம்" என்றேன்.

"நாளைக்கு யாரு எடுப்பீங்க?"

"நான்தான். வேற யாரு."

"நான் இருக்கற வரைக்கும் நான் எடுக்கறேன். அதுக்கப்பறம், அங்க இருந்து எடுக்கலாமான்னு பாக்கறேன். தூரத்துப் போனுன்னா செலவாகும், பரவால்ல." பிறகு, "ஹோம் பேச்சு இப்ப வேணாம்மா" என்றாள், கொஞ்சம் உரக்கவே, நெட்ராவுக்குக் கேட்கட்டும் என்று.

நெட்ரா கேட்கவில்லை. அவள் மேஜையில் ஆர்லிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள். ஆர்லிஸ் அவள் எழுந்துவிடக் கூடாதென்று கரண்டி தட்டில் படாமல், ரொம்ப மெதுவாக, இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.